தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சொன்னால்
மனநல மருத்துவர்களுக்கும் உளவியல் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளோடு வேலை செய்கிறவள் நான். இந்த மடல் யாருக்கோ வக்காலத்து வாங்குவதுபோல் தோன்றினாலும் கொஞ்சம் பொறுத்துப் படித்துவிடுங்கள்.

உங்கள் அறைக்கு ஒருவர் வருகிறார். தூக்கமில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை என்று இரண்டு மூன்று அமர்வுகள் சுற்றி வளைக்கிறார். அப்புறம் ஒருநாள், தரையைப் பார்த்தபடி, தனக்குக் குழந்தைகள்மீது பாலியல் ஈர்ப்பு இருப்பதாகச் சொல்கிறார். இதுவரை யாரையும் தொட்டதில்லை, தொட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். உங்கள் பேனா நிற்கிறது, முகம் மாறுகிறது. அவர் அதைக் கவனிக்கிறார். "இந்த மாதிரி கேஸ் நான் பார்ப்பதில்லை" என்று அனுப்பிவிட்டால், அவர் இன்னொரு மருத்துவரைத் தேடிப் போவார் என்றா நினைக்கிறீர்கள்? வீட்டுக்குத்தான் போவார். அங்கே அவரும் கைப்பேசியும் மட்டும்தான்.

நீங்கள் அன்றாடம் புரட்டும் கையேடே ஈர்ப்பையும் கோளாறையும் பிரித்து வைத்திருக்கிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறியும் கையேடு), வழக்கத்துக்கு மாறான பாலியல் நாட்டம் வேறு, அது கோளாறாவது வேறு என்று கோடு போட்டது. நாட்டத்தின்படி ஒருவர் நடந்துகொண்டால், அல்லது அது அவருக்குக் கடும் வேதனையையோ உறவுகளில் சிக்கலையோ கொடுத்தால்தான் கோளாறு. அப்படிப் பார்த்தால், பயந்துபோய் உங்களிடம் வந்தவர் சிகிச்சைக்குரியவர். குற்றவாளி அல்ல.

சரி, ஈர்ப்பை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் அது பரவாயில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. இதையும் ஒரு வகைப் பாலியல் அடையாளமாக ஏற்றுக்கொள்ளச் சொல்லும் குரல்கள் அங்கங்கே கேட்கின்றன. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. குழந்தையால் சம்மதம் தர முடியாது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது, மறுக்கும் பலமும் அதனிடம் இல்லை. எனவே இந்த ஈர்ப்புக்கு நிறைவேற்றம் என்று ஒன்று எந்நாளும் கிடையாது. அதை அவரிடம் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. படம்தானே பார்த்தேன் என்ற சமாதானத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அங்கே ஒரு குழந்தை இருந்தது.

நான் அதிகம் பார்த்தது இதன் மறுபக்கத்தைத்தான். குழந்தைகளிடம் அத்துமீறித் தண்டனை பெற்றவர்களில் கணிசமானோருக்கு அப்படியொரு நிலையான ஈர்ப்பே கிடையாது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கல்ஹோர் 1984லேயே எழுதியதுதான்: தூண்டுதல் மட்டும் போதாது. ஆள் தன் மனத்தடையைத் தாண்ட வேண்டும், சுற்றியிருக்கும் காவலைத் தாண்ட வேண்டும், குழந்தையின் எதிர்ப்பையும் தாண்ட வேண்டும். அந்தத் தூண்டுதல்கூட அதிகார வெறியாகவோ, யார்மீதோ இருக்கும் கோபமாகவோ இருக்கலாம். குடியும் தனிமையில் கிடைத்த வாய்ப்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. குழந்தைகள் என்னிடம் சொல்லும் கதைகளில் வருகிறவர் பெரும்பாலும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஆள். முதலில் பரிசு, பிறகு "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று ஒரு சின்ன ரகசியம். குழந்தை அதை வெளியே சொல்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த ரகசியம். இதில் மனம் கட்டுக்கடங்காமல் போனதற்கான அடையாளம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு படியிலும் திட்டம் இருக்கிறது.

ஒரு சிறுமி குற்றம் சாட்டிய ஆளைப் பற்றிய மனநல மதிப்பீட்டு அறிக்கையில் "பிறழ்ந்த பாலியல் நாட்டம் காணப்படவில்லை" என்று ஒற்றை வரி இருந்தது. எழுதியவர் தவறாக ஒன்றும் எழுதிவிடவில்லை. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே அந்தச் சிறுமியைப் பொய்க்காரி என்றது. நாட்டம் இல்லை என்றால் செயலும் நடந்திருக்காது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். அப்படி ஒரு வரி எழுத நேர்ந்தால், நடந்ததா இல்லையா என்பதற்கு இது பதிலாகாது என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.

முன்கூட்டியே உதவுவது நடக்கிற காரியம்தான். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் 2005 முதல் குழந்தைகள்மீது ஈர்ப்பு உள்ளவர்களுக்கு ரகசியம் காத்துச் சிகிச்சை தருகிறார்கள். பலன் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. ஆனால் கதவு திறந்திருந்தால் ஆட்கள் தாங்களாகவே வருகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஸ்வீடனில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை இயக்குநீரைக் குறைக்கும் ஓர் ஊசியை, தாமாக உதவி தேடி வந்த 52 ஆண்களிடம் சோதித்தார்கள். அத்துமீறலுக்கான ஆபத்து அளவீடு இரண்டே வாரத்தில் குறைந்ததாக 2020இல் முடிவு வெளியானது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் கைவிரிக்க வேண்டியதில்லை என்று காட்டுகிறது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எதை ரகசியமாக வைப்பீர்கள், எந்தக் கட்டத்தில் சட்டப்படி புகார் தர வேண்டியிருக்கும் என்பதை முதல் அமர்விலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குழந்தைகளோடு தனித்திருக்கும் வேலையோ வாய்ப்போ அவருக்கு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், இருந்தால் அதை விட்டு விலகச் சொல்லுங்கள். உங்களால் தொடர்ந்து பார்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, எல்லோராலும் முடியாது. பார்க்கக்கூடிய ஒருவரோடு நீங்களே பேசி, நேரம் வாங்கிக் கொடுத்த பிறகு அவரை அனுப்புங்கள்.