சட்டக் கல்லூரியில் கணினி செய்முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் ஆசிரியை, அப்புறம் சென்னையில் டேட்டா இன்ஜினியர், மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் பிறகு இப்போது நெல்லையில் வழக்கறிஞர். எதற்கு இத்தனை மாற்றம் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆனால் முதல் இரண்டு வேலைகளிலும் கற்றதுதான் இன்று எனக்கு நீதிமன்றத்தில் கைகொடுக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, சிசிடிவி காட்சி, செல்போன் பதிவு போன்றவற்றைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. புதிய படிவம் இன்னும் ஒரு படி மேலே போய், கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டையும் கேட்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். டேட்டா வேலையில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை நகர்த்தினால், இதைச் சரிபார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டோம்.

இங்கே நான் பார்ப்பது வேறு. பழைய மனுவிலிருந்து சான்றிதழை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து வருகிறார்கள். வீட்டு வாடகைத் தகராறில் என்னிடம் வந்த ஓர் அம்மா, மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைக் காட்டினார். வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பிறகு அது மூலக் கோப்பே அல்ல. மகனின் போனில் மூலப் படங்கள் இருந்ததால் தப்பித்தோம். அழித்திருந்தால்?

நான் சட்டம் படித்தபோது இதை யாரும் கணினியில் செய்து காட்டவில்லை. பிரிவு எண்ணை மனப்பாடம் செய்தோம், அவ்வளவுதான். இனி வரும் மாணவர்களுக்கு ஒரு பருவமாவது மின்னணுச் சாட்சியச் செய்முறை வேண்டும். செலவு பெரிதில்லை, ஹாஷ் கணக்கிடும் கட்டளை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துக் கலைக் கல்லூரிகளின் கணினி ஆசிரியர்களையே வகுப்பெடுக்க அழைக்கலாம். சான்றிதழின் இரண்டாம் பகுதியில் நிபுணர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதால், சிறு ஊர்களிலும் சட்டம், கணினி இரண்டும் தெரிந்தவர்கள் தேவை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

வழக்கறிஞர், பாளையங்கோட்டை