பழைய பிரஸ் வாங்கியிருக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோவை கணபதியில் ஷெட் பிடித்து, தகடு அடிக்கிற பழைய பவர் பிரஸ் ஒன்றை இறக்கிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். ஃப்ளைவீல் என்கிற பெரிய சக்கரம் சுற்றுகிறது, பெடலை மிதிக்கிறாய், மேலிருந்து அடிக்கிற ராம் டை அச்சின் மேல் இறங்குகிறது. டைக்கு முன்னால் கை நுழையாமல் தடுக்கிற கார்டு ஒன்றுமே இல்லை. கேட்டால், "வித்தவரு கார்டு இல்லாமத்தான் குடுத்தாரு மாமா" என்கிறாய். ஊரறிய எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் தெருவிலேயே இதைப் படிக்க வேண்டியவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

விற்றவருக்கும் பொறுப்பு உண்டுதான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு மிஷின் விற்பவரையும் பிடித்தது. ஆனால் அது பேசியது சுழலும் தண்டில் துருத்தும் போல்ட்டையும் பல்சக்கரத்தையும் மூடுவது பற்றி. டையின் வாய் 21-ஆம் பிரிவில் வந்தது. அந்தப் பொறுப்பு தொழிற்சாலையை நடத்துகிறவருக்கு இருந்தது. உன் ஷெட்டில் ஆறே பேர் என்பதால் அந்தச் சட்டம் உனக்கு வராது என்று ஆடிட்டர் சொன்னாராம். இருக்கட்டும். வேலையில் அடிபட்டவருக்கு என்று 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தில் ஆள் கணக்கு இல்லை, விரல் கணக்கு இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று கணக்கு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20.

அந்த 20 எனக்கு மறக்காது. நான் சூப்பர்வைசராக இருந்த பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போயிற்று. கார்டு சுவரோரம் சாய்ந்து கிடந்தது. ரிப்போர்ட்டில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதியவன் நான்தான். நடந்தது வேறு. அதற்கு முந்தின வாரம் டை மாற்றினோம். பழைய டைக்குச் செய்த கார்டு புதியதற்கு உட்காரவில்லை. மாட்டினால் பீஸை வெளியே எடுக்க முடியாது. புதுக் கார்டு செய்யச் சொல்ல வேண்டியவன் நான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, கையை மறிக்கிற கார்டையும் கொடுத்தால் எவன் மாட்டிக்கொண்டு உட்காருவான்?

சென்சார் மாட்டப் போகிறேன் என்றாயே, அந்தக் காசை வீணாக்காதே. உன்னுடையது கீ கிளட்ச் பிரஸ். கீ என்கிற இரும்புத் துண்டு ஒருமுறை ஃப்ளைவீலோடு மாட்டிக்கொண்டால் ராம் முழுச் சுற்று முடிக்காமல் நிற்காது. பாதி வழியில் கை நுழைந்ததைச் சென்சார் கண்டுபிடித்து என்ன செய்யும்? நடுவில் நிறுத்தக்கூடிய கிளட்சும் பிரேக்கும் இருக்கிற பிரஸுக்குத்தான் அது ஆகும். கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால் இன்னொரு வம்பு: பெடலை மறுபடி மிதிக்காமலே ராம் டபுள் அடிக்கும். ராம் மேலே போய்விட்டது, இனி நிற்கும் என்று நம்பிப் பையன் கையை விடுகிற நேரம் அது.

டையைச் சுற்றிக் கூண்டுதான் வழி. பட்டை நுழைய ஒரு சந்து, அதில் விரல் நுழையக் கூடாது. பீஸ் தானாகப் பின்பக்கம் சரிந்து விழ வேண்டும். கையால் எடுக்கிற வேலை இல்லையென்றால் கூண்டைக் கழற்றவும் எவனுக்கும் தோன்றாது. டைக்கு டை கூண்டு மாறும். பார்ட்டியிடம் டை ரேட் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடு, பின்னால் கேட்டால் தரமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூண்டுக்கு அளவெடுக்க டேப் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை மோட்டார் பெல்ட்டைக் கழற்றி வை.

அன்புடன்,
மாமா