கிலோமீட்டரை மட்டும் நம்பாதே

அன்புள்ள மகளுக்கு,

லண்டன்–சிங்கப்பூர் சுமார் 10,900 கிலோமீட்டர், மணிக்கு 900 வீதம் 12 மணி நேரம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். தூரம் சரி, நேரம்தான் உதைக்கிறது.

900 என்பது விமானம் உயரத்துக்குப் போன பிறகு கிடைக்கும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு வராது. டிக்கெட்டில் உள்ள நேரமோ, நிற்கும் இடத்திலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டிப் பார், 13 மணி 20 நிமிடம் வரும். அது நிஜத்துக்கு நெருக்கம்.

திரும்பும்போது இதே கணக்கு பலிக்காது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் இன்னும் வேகம். லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி, வர 7 மணி ஆவது இதனால்தான். சிங்கப்பூரிலிருந்து லண்டன் திரும்ப 14 மணி வைத்துக்கொள்.

வரைபடத்தில் கோடு போட்டும் பார்க்காதே. உருண்டையான பூகோளத்தில் நூலை இழுத்துப் பிடித்தால் தெரிவதே குறுக்குவழி. அதுவும் வான்வழி திறந்திருந்தால்தான். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணிக்குப் போய்விட்டது. ஊர்கள் நகரவில்லை!

கடிகாரத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். ஜனவரியில் லண்டனில் இரவு 10 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் மறுநாள் மாலை 7.20. பார்வைக்கு 21 மணி 20 நிமிடம். 8 மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் பழைய விடை. கோடையில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடும், சிங்கப்பூர் தள்ளாது. அப்போது 7-ஐத்தான் கழிக்க வேண்டும். நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள் வருகை. அதைக் கவனிக்காமல் ஓட்டலைத் தப்புத் தேதியில் பதிந்துவிடாதே.

நேர் விமானம் இல்லாமல் இடையில் மாறினால், இரண்டும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தச் செலவு உன் தலையில். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரலாம், விசாவும் கேட்பார்கள். மலிவு என்று அப்படித்தான் எடுப்பாய் என்றால், நடுவில் நாலு மணி நேரமாவது விடு.

பணம் கட்டுவதற்கு முன் நேரங்களை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா