உன் பட்டத்துக்கு ஆபத்து, விஜி

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது, அவளிடம் சொல். கண் எரிச்சலுக்கு ஒருவழியாக நீ டாக்டரிடம் போனாயே, அதுவே பெரிய விஷயம். கண் வறட்சிதான், சொட்டு மருந்து போட்டுக்கொண்டு அடிக்கடி கண்ணைச் சிமிட்டுங்கள் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் போய் ஒருவர் கண்ணைச் சிமிட்டச் சொல்வதா! வகுப்பில் நாம் ஆடிய கண் சிமிட்டாமல் பார்க்கும் போட்டியில் உன் எதிரே உட்கார்ந்து ஜெயித்தவள் ஒருத்தி உண்டா?

சரி, என் செய்திக்கு வருகிறேன். அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கிறான். மீசை அரும்பும் வயது. வந்த அன்றே, "சித்தி, கண் சிமிட்டாம பாக்குற போட்டில என்ன இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்ல" என்றான். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உட்காருடா என்றேன். ஜெயித்துவிட்டேன்! எப்படி என்பதை உனக்கு விவரமாக எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவன் செய்ததெல்லாம் பலசாலி விளையாட்டு. ஆந்தை மாதிரி கண்ணை முழுக்க விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். பார்க்கப் பயமாக இருக்கும், உண்மைதான். ஆனால் கண் விரிய விரியக் காற்றுபடும் பரப்பு கூடும், ஈரமும் சீக்கிரம் காயும். உன் டாக்டர் சொல்லியிருப்பாரே, கண்ணின் மேல் கண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அடியில் கொழகொழப்பு, நடுவில் நீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய்தான் நீர் ஆவியாகாமல் காப்பது. இமையோரத்துச் சுரப்பிகளிலிருந்து ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கொஞ்சம் வெளியே வந்து பரவுகிறது. சிமிட்டாவிட்டால் படலம் அங்கங்கே கிழியும். நல்ல கண்ணில் அதற்குப் பத்து நொடிக்கு மேல் ஆகும், வறண்ட கண்ணில் அதற்குள்ளேயே கிழிந்துவிடும். கருவிழியில் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருப்பதால் ஈரம் ஆவியாகிக் குளிர்வது உடனே தெரிந்துவிடுகிறது, இமையும் தானாக இறங்கிவிடுகிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் முதலில் செய்தது நாற்காலியை மாற்றியது. உயரமான நாற்காலி எனக்கு, குட்டையானது அவனுக்கு. உயரத்திலிருந்து பார்த்தால் பார்வை சற்றுத் தாழ்ந்திருக்கும், மேல் இமையும் பாதி இறங்கியிருக்கும். விதிப்படி கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் திறந்திருக்கும் இடைவெளி குறைவு. அவனோ அண்ணாந்து பார்க்கவேண்டும். மின்விசிறிக்கு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காற்று யார் முகத்தில் அடித்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆரம்பிக்கும் முன் ஒரு கொட்டாவி விட்டு, கண்ணை இறுக மூடி மூடித் திறந்துகொண்டேன். பையன் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் ஜெயிக்க வைத்தது இது எதுவும் இல்லை. மனிதர்கள் எவ்வளவு சிமிட்டுகிறார்கள் என்று 1997-ல் ஓர் ஆய்வு வந்தது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 17 தடவை, பேசும்போது 26, படிக்கும்போது நாலோ ஐந்தோதான். நீ நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் காயப்போட்டதற்கும் இதுதான் காரணம். ஆக, சிமிட்டக்கூடாது என்று பல்லைக் கடிப்பதைவிட, எதையாவது ஊன்றிப் பார்ப்பது நல்லது. எதிராளியையோ பேச வைக்க வேண்டும்.

"பரீட்சை எப்படிடா எழுதின?" என்று கேட்டேன். பதில் சொல்ல ஆரம்பித்தான். கணக்குப் பேப்பர் கஷ்டம், வாத்தியார் சரியில்லை, அது இது என்று நீட்டினான். நான் அவன் முகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கீற்று இருக்கிறது. குழந்தையில் கட்டிலிலிருந்து விழுந்தபோது பட்டது. அக்கா அழுதுகொண்டே போன் பண்ணியது நினைவுக்கு வந்தது. இமை முடிகள் கீழே நேராக இறங்கி நுனியில் மட்டும் சுருண்டிருக்கின்றன, எங்கள் அப்பாவுக்கு இருந்த மாதிரியே. கருவிழி கறுப்பு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், கறுப்பே இல்லை விஜி. நல்ல பழுப்பு, கண்பாப்பாவைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெளிறிய வளையம். அவன் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். இவ்வளவு நேரம் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

பார்வையை ஒரே புள்ளியில் குத்தி வைக்காமல் இப்படி அங்கே இங்கே நகர்த்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே இடத்தை அசையாமல் பார்த்தால் ஓரத்தில் இருப்பதெல்லாம் மங்கி மறைய ஆரம்பிக்கும். ட்ராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். மங்கலான வெளிச்சத்தில் எதிராளியின் மூக்கு கரையும், வாய் கோணும், சில பேருக்கு வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரிகூடத் தெரியும். அந்தத் திடுக்கிடலில் சிமிட்டித் தோற்கிறவர்கள் உண்டு.

நடுவில் எனக்கும் எரிந்தது, எரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எரிச்சலைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் கண்ணில் தானாகத் தண்ணீர் கட்டும், அப்புறம் சிறிது நேரத்துக்குச் சுகம். கன்னத்தில் வழிந்தாலும் துடைக்கக் கூடாது, அவ்வளவுதான். என் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்து, "சித்தி, அழறீங்களா?" என்று கேட்டான் பையன். கேட்டுக்கொண்டே சிமிட்டிவிட்டான்.

"போங்காட்டம்! பேச வச்சு ஜெயிச்சீங்க, செல்லாது" என்று குதித்தான். பேசக் கூடாது என்று விதி எதுவும் பேசிக்கொள்ளவில்லையே என்றேன். அவன் கூட்டத்தில் சிரித்தால் தோல்வி இல்லையாம், சிமிட்டினால்தானாம். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சிரிப்புக்கு இடமில்லை என்றால் அது வெறும் கண் பரிசோதனை. நீ முகத்தில் ஒரு தசை அசையாமல் மூக்கு நுனியை மட்டும் லேசாக ஆட்டுவாயே, அதில் விழாதவர்கள் யார்? உன்னிடம் நாங்கள் தோற்றதெல்லாம் சிரித்துத்தான்.

தேவர்களை உட்காரவைத்தால் இந்தப் போட்டி முடியவே முடியாது, யோசித்துப் பார். சுயம்வரத்தில் நளன் வேடத்தில் வந்து நின்ற நாலு தேவர்களும் இமைக்கவில்லை. இமைத்தவன்தான் நளன் என்று தமயந்தி கண்டுபிடித்து மாலை போட்டாள். அந்த மனுஷன் சிமிட்டித்தான் ஜெயித்திருக்கிறான்.

அப்புறம், ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது ஏன் இவ்வளவு சங்கடமாக இருக்கிறது என்று தேடினேன். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் சுமார் 500 பேரை வைத்துப் பார்த்து 2016-ல் எழுதியிருக்கிறார்கள்: தெரியாத ஒருவர் நம் கண்ணைப் பார்ப்பது சராசரியாக 3.3 நொடி வரைதான் நமக்குப் பிடிக்கிறதாம். விலங்குகள் இன்னும் மோசம். 2007-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் பொகிட்டோ என்ற கொரில்லா அகழியைத் தாண்டி வந்து, தன்னை அடிக்கடி பார்க்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கடித்துக் குதறிவிட்டது. அவர் கண்ணோடு கண் பார்த்துச் சிரிப்பது வழக்கமாம். கொரில்லாவுக்கு நேர்ப்பார்வை என்றால் சண்டைக்கு அழைப்பு. அதற்குப் பிறகு அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனம், ஓரமாகப் பார்க்கும் கண்கள் அச்சடித்த அட்டைக் கண்ணாடிகளைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தது. போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கலாம், கொரில்லாவுக்குத் தெரியாது. இதுவும் போங்காட்டம்தான்! கடற்காகங்கள்கூட, மனிதர் உற்றுப் பார்த்தால் தின்பண்டத்தை நெருங்கச் சராசரியாக 21 நொடி கூடுதலாகத் தயங்குகின்றன என்று 2019-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். முறைத்தே தின்பண்டத்தைக் காப்பாற்றலாம்.

உன் வீட்டுப் பூனை உன்னை அண்டவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். நீ பழைய பழக்கத்தில் அதை முறைத்துக்கொண்டிருப்பாய், வேறென்ன? பூனையிடம் ஆட்டம் தலைகீழ். கண்ணை மெல்லச் சுருக்கி, மெதுவாக மூடித் திறக்க வேண்டும். இங்கிலாந்தில் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் சோதித்திருக்கிறார்கள்: அப்படிச் செய்கிறவரைப் பார்த்துப் பூனையும் திருப்பி மெல்லச் சிமிட்டுகிறது, முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நீட்டிய கைக்குப் பக்கத்தில் வருகிறது. உன் டாக்டர் கேட்பதும் அதே மாதிரி முழுச் சிமிட்டல்தான். மேல் இமை கீழ் இமையைத் தொட வேண்டும், அரைகுறையாக மூடினால் எண்ணெய் பரவாது. சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு பூனை எதிரில் உட்கார்ந்து பழகு. திருப்பிச் சிமிட்டினால் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. பையன் உன்னோடு ஒரு கை பார்க்க வேண்டும் என்கிறான், கண் சரியாகும்வரை ஒத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
சாந்தி