ஷெல்லை வரிசை மாறாமல் எடுத்து வை

அன்புள்ள தம்பிக்கு,

பழைய லாரி ஒன்றை வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னபோது நான் பதில் பேசாமல் இருந்ததைப் பார்த்து, அப்பாவுக்குக் கோபம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். கோபம் இல்லையடா. அந்த இன்ஜின் எந்த நிலையில் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இருந்த பணத்தில் பெரும்பகுதி வண்டிக்கே போய்விட்டது, மிச்சத்தில் இன்ஜின் வேலையை முடிக்கணும் என்கிறாய். முடிக்கலாம். ஆனால் அவசரப்பட்டு எல்லா உதிரிபாகமும் சேர்ந்து வரும் முழு கிட்டையும் வாங்கிக் குவிக்காதே.

பிரிப்பதற்கு முன் ஒரு தடவை ஓட விட்டுப் பார். நன்றாகச் சூடேறியதும் இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாயில் புகை எவ்வளவு தள்ளுகிறது, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது என்று எழுதி வை. ஆயிலை வடித்த பிறகு ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார். செம்பு நிறத் தூள் மின்னினால் பேரிங் போயிருக்கிறது, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டையும் சும்மா விட முடியாது.

அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றியதும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் பேரிங், கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் இரண்டிலும் உள்ள ஷெல்களை, அதாவது மேல் கீழ் என இரண்டாக இருக்கும் அரைவட்டத் தகடுகளை, ஒவ்வொன்றாக எடு. எடுத்த கையோடு பின்பக்கம் எத்தனையாவது, மேலா கீழா என்று மார்க்கரால் எழுதிவிடு. ஷெல்லை இறுக்கிப் பிடிக்கும் கேப்புகளையும் இடம் மாற்றிப் போடக் கூடாது, அது அது அங்கங்கேதான். பெரிய டீசல் இன்ஜின் ஷெல்லில் பெரும்பாலும் மேலே மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு, அதற்கு அடியில் செம்பு கலந்த உலோகம், பின்னால் ஸ்டீல். சாம்பல் நிறம் சீராக இருந்தால் நிம்மதி. செம்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ராடில் மேல் ஷெல்தான் அதிகம் தேயும், எரியும் வாயுவின் அடி முழுவதும் அதன் மேல்தான் இறங்குகிறது. மெயினில் கீழ் ஷெல் தேயும். ஒரே ஓரமாகத் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்கணும். ஷெல்லை மட்டும் புதுசாகப் போட்டால் அதுவும் அதே ஓரத்தில் தேயும்.

கிராங்க்கை ஒவ்வொரு ஜர்னலிலும், அதாவது பேரிங் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும், இரண்டு திசையில், இரண்டு ஓரத்திலும் மைக்ரோமீட்டர் வைத்து அள. புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் இருந்தால் கிரைண்டிங்குக்கு அனுப்பாதே. "எதற்கும் ஒரு 0.25 மில்லிமீட்டர் எடுத்துவிடலாம்" என்று லேத் பட்டறையில் யாராவது சொல்வார்கள், கேட்காதே. சில கிராங்க்குகளில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும், அதைச் சீவிவிட்டால் திரும்பவும் ஹார்டனிங் செய்யணும். கிராங்க் நன்றாக இருந்தால் இன்ஜினை இறக்கவே வேண்டாம். ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றி, சேஸிஸில் இருந்தபடியே பிஸ்டனையும், அது ஓடும் உருளையான லைனரையும் உருவிவிடலாம். நீ மிச்சம் பிடிக்கப்போகும் பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது.

லைனரை உருவினால் உள்பக்கம் பார்ப்பதோடு நிறுத்திவிடாதே, தண்ணீர் படும் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பார். பிஸ்டன் பக்கச் சுவரில் இடிக்க இடிக்க லைனர் அதிரும். அந்த அதிர்வில் கூலன்டில் குட்டிக் குட்டிக் குமிழிகள் உண்டாகி உடைந்து, இரும்பைக் கொத்திக் கொத்தி எடுக்கும். கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டிய வண்டி என்றால் குழிகள் இருக்க வாய்ப்பு அதிகம். நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் லைனரைத் தூக்கிப் போடு, ஒரு நாள் ஓட்டை விழுந்து தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். புது லைனரை உட்கார வைத்ததும் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார். தாழ்ந்து போனாலோ, ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் நிலைக்காது.

என் கதை ஒன்று உனக்குத் தெரியாது. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பேரிங் போன இன்ஜினைக் கட்டினேன். கிராங்க், ஷெல், ஆயில் பம்ப் எல்லாம் புதுசு. ஆயில் கூலரை மட்டும் டீசலில் அலசிப் பழையதையே மாட்டினேன். உள்ளே ஒளிந்திருந்த உலோகத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, ஒரே வாரத்தில் புது ஷெல் எல்லாம் கீறிப் போச்சு. அந்த வண்டிக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அதனால் ஃபில்டரில் தூள் தெரிந்தால் கூலரைப் புதுசாகவே போடு.

வால்வைத் திறக்கும் கேம், அதைச் சுற்றும் டைமிங் கியர் தேயாமல் இருந்தால் அப்படியே விடு. வால்வைக் கிரைண்ட் செய்து போடலாம். பழைய பிஸ்டனின் பள்ளத்தில் புது ரிங்கை வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார், இடைவெளி அளவுக்குள் இருந்தால் பிஸ்டனும் ஓடும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் பார்க்காமல் மாட்டாதே, ஒழுகுகிற ஒரு நாசில் போதும் புது பிஸ்டனைப் பொத்தலாக்க. கேஸ்கெட், லைனர் ரப்பர் ரிங், ராடு போல்ட் மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கட்டி முடித்ததும் எரிபொருளை நிறுத்தி வைத்து, பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்று. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவிலும் கொஞ்சம் ஆயில் ஊற்று. ஸ்டார்ட் ஆனபின் மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு ரசிக்காதே. ரிங் லைனரோடு பழகி உட்கார லோடு வேணும், இல்லாவிட்டால் லைனர் கண்ணாடி போல் வழுவழுப்பாகி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

என் மைக்ரோமீட்டரையும் டயல் கேஜையும் துணியில் சுற்றி அம்மா பார்சல் கட்டிவிட்டாள். வந்ததும் முதலில் ஸீரோவைச் சரிபார். ஷெல்களை வரிசையாக அடுக்கி, எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு நான் சொல்கிறேன், அதுவரை எதற்கும் ஆர்டர் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா