வங்கி விழுந்தது புயலாலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலகம் முழுக்க வங்கிகள் ஆட்டம் கண்ட 2008 நிதி நெருக்கடியைப் பற்றி வந்த கட்டுரையில், அது ஒரு புயல் மாதிரி வந்தது, தனி ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை என்று ஒரு வரி இருந்தது. மூன்று நாளாக அந்த வரி உறுத்துகிறது.

நான் காசிமேட்டுக்காரன். வர்தாவையும் பார்த்தேன், மிக்ஜாமையும் பார்த்தேன். புயலில் வலையும் படகும் போனால் யார் மேலும் கோபப்பட முடியாது. வங்கி விழுவது அப்படியா, ஐயா? உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஐஸ்லாந்தில் 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அதற்குச் சில வாரம் முன்புதான், கத்தார் ஷேக் ஒருவர் அந்த மூன்றில் ஒன்றான கௌப்திங் வங்கியில் 5 சதவீதப் பங்கு வாங்கியதாக அறிவிப்பு வந்தது. அந்தப் பணம் அந்த வங்கியே கொடுத்த கடன்! வங்கி நன்றாக இருக்கிறது என்று ஊரை நம்ப வைக்க உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. ஜனங்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அரசு தனி வழக்கறிஞரைப் போட்டு விசாரித்தது. கௌப்திங் வங்கியின் தலைமை அதிகாரிக்கு ஐந்தரை வருடச் சிறை. 2015-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. அமெரிக்காவிலோ, அதே 2008-ல் திவாலான லேமன் வங்கியின் மேலதிகாரிகளில் ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தை 1990-களில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார். ஒருநாள் காலையில் போனால் ஷட்டர் மூடியிருந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் வந்தது, அப்பாவுக்குப் பணம் வரவில்லை. அந்த டெபாசிட் பத்திரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கும். இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

அப்புறம் என் கதை. மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டிக்குக் கடன் வாங்கியிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், லோடு இல்லை, இரண்டு டியூ தவறிவிட்டது. காலை ஆறரை மணிக்கு வசூல் ஆள் வந்துவிட்டான். என் மனைவி மெட்ரோ வாட்டர் லாரிக்கு வரிசையில் நிற்கிறாள். "கடன் வாங்கத் தெரிஞ்சுதுல்ல, கட்டத் தெரியலையா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினான். அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் தண்ணீர் பிடிக்கவில்லை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருப்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு டியூவுக்கு என் பெயர், தெரு, வீடு எல்லாம் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. கோடிக்கணக்கில் மூழ்கடித்தவர்களைக் கேட்டால் மட்டும் புயல் என்கிறீர்களே. இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு உதவி எண் 14448-ஐ வாராவாரம் ஒரு மூலையில், கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். எங்கள் தெருவில் பலருக்குக் கண்ணாடி இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை – 13.