அதே மைக்கில் ஒரு மன்னிப்பு: எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாக சபையினருக்கு,

சித்திரை விளையாட்டு விழாவில் தலையணைச் சமருக்கும் கயிறிழுத்தலுக்கும் இடையில் நடந்த 'றெஸ்லிங்' பற்றி, ரீவியில் வரும் அமெரிக்க மல்யுத்தக் காட்சியைப் போல ஆடிக் காட்டுகிறோம் என்று ஒரு பொடியனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியது பற்றித்தான் எழுதுகிறேன். நடந்தது என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மைக் உங்கள் கையில் இருந்தது. வீடியோவும் முதலில் உங்கள் போனில்தான் இருந்தது, ஊர் முழுக்கப் போனது அங்கிருந்துதான். செயலாளர் தம்பியிடம் நேரில் கேட்டேன். "பகிடிக்குத்தானே அண்ணை, சனம் எவ்வளவு ரசிச்சது, நீங்களும் பாத்தனீங்கள்தானே" என்றார். தலைவரிடம் கேட்டேன். "ரீவியில ஸ்டோன் கோல்ட் செய்யிறதைத்தானே பெடியள் செய்தவங்கள். அவன் ஹீரோ எல்லோ" என்றார், அமெரிக்க றெஸ்லிங் வீரர் ஸ்டீவ் ஒஸ்டினை நினைத்து. எழுத்தில் கொடுத்தேன், பதில் வரவில்லை. ஆகவே எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

கோரிக்கை ஒன்றுதான். வருகிற கரப்பந்தாட்ட இறுதிப் போட்டியன்று, அதே மைதானத்தில், அதே மைக்கில், அந்தப் பொடியனின் பெயரைச் சொல்லிக் கழகம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

காயத்தைப் பற்றி நான் பேசவில்லை. உதட்டில் போட்ட தையலைப் பிரித்தாயிற்று. அவன் திக்கிப் பேசுபவன், அது ஊரில் தெரியாத ஆள் இல்லை. அவனுக்குச் சொல்லக் கஷ்டமான சொல் அவனுடைய சொந்தப் பெயர்தான். திக்குபவர்கள் பலருக்கும் அப்படித்தான். வேறு சொல் வராவிட்டால் இன்னொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம், பெயருக்குப் பதிலாக எதைப் போடுவது? வேலியோரம் நின்றவனை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், நடுவுக்கு இழுத்து வந்து "உன்ர பேர் என்னடா?" என்று மைக்கை வாயருகே பிடித்தீர்கள். அவன் முதல் எழுத்தில் நிற்கும்போதே "உன்ர பேர் என்னவெண்டால் எங்களுக்கென்ன!" என்று கத்தினீர்கள். றொக் என்ற இன்னொரு றெஸ்லிங் வீரர் சொல்லும் வசனம் அது, எனக்கும் தெரியும். மைதானம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கமுன் கழுத்தைப் பிடித்து 'ஸ்டன்னர்', அதாவது எதிராளியின் நாடியைத் தன் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு கீழே இருந்துவிடும் ஒஸ்டினின் அடி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாராவது போய்ப் பார்த்தீர்களா? காலையில் பால் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பால் எடுக்கும் இடத்துக்குப் போகிறவன் அவன்தான். அங்கே வரிசையில் நிற்க வேண்டும், முறை வந்ததும் பெயர் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கொப்பியில் அளவு பதிவார்கள். முன்பெல்லாம் பதிகிறவர் அவன் முகத்தைப் பார்த்தே எழுதிவிடுவார். இப்போது வரிசையில் நிற்கிற சின்னப் பொடியள்கூட "உன்ர பேர் என்னடா?" என்று கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறந்ததும் மற்ற வரியைச் சேர்ந்து கத்துகிறார்கள். அவன் போவதை நிறுத்திவிட்டான். தாய் கொண்டுபோகலாமே என்பீர்கள். தாய்க்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை பஸ் சந்திக்கு வரும்போது பால் எடுக்கிற இடம் திறந்திருக்காது. பஸ்ஸை விட்டால் அன்றைய சம்பளம் இல்லை, பாலை விட்டால் கடைக் கொப்பிக் கணக்குக் கட்டக் காசு இல்லை. கொஞ்ச நாள் பக்கத்து வீட்டார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் பிறத்தியாரிடம் கேட்பது? இப்போது பாலின் பெரும்பங்கைக் கன்றுக்கே விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடப் பகிடிக்கு ஒரு வீடு தினமும் காசு கட்டிக்கொண்டிருக்கிறது. கழகத்தின் வரவு செலவு அறிக்கையில் இது வரப்போவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, தலைவர் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஒஸ்டின் ஹீரோதான். நானும் அவருடைய ரசிகன், இனியும் அப்படித்தான் இருப்பேன். ஆனால் அவர் எப்படி ஹீரோ ஆனார் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

1997 மார்ச் 23, சிக்காகோவுக்குப் பக்கத்தில் றெஸில்மேனியா 13, றெஸ்லிங்கின் பெரிய வருடாந்த விழா. (இரண்டு மாதம் கழியமுன் இங்கே வன்னியில் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கிவிட்டது. அந்தப் போட்டியை நாங்கள் பார்த்தது மீள்குடியேறி, கரண்ட் வந்து, டிஷ் பூட்டிய பிறகுதான்.) றெஸ்லிங் எழுதி வைத்த கதைப்படி நடப்பது. அன்று களத்துக்குள் வரும்போது கதையில் பிரெட் ஹார்ட் நல்லவர், ஒஸ்டின் கெட்டவர். ஹார்ட் அவருடைய கால்களை மடக்கிப் பூட்டுப் போட்டார். ஒஸ்டினின் முகம் முழுக்க இரத்தம். தோற்றேன் என்று கையால் தட்டினால் போதும், தட்டவில்லை. மயங்கிப் போய்த்தான் தோற்றார். மயங்கிக் கிடந்தவரை ஹார்ட் திரும்பவும் அடிக்கப் போக, சனம் அந்த இடத்திலேயே கட்சி மாறியது. உள்ளே வந்த நல்லவர் கெட்டவராக வெளியே போனார், கெட்டவர் ஹீரோவாக நொண்டிக்கொண்டு போனார். அடிபட்டும் பணியாத ஒருவனைத்தான் சனம் அன்று தோளில் தூக்கியது.

அந்த வருடம் செப்டெம்பர் 22 அன்று நியூயோர்க்கில் கம்பனி முதலாளி வின்ஸ் மக்மஹோனுக்கே ஒஸ்டின் ஸ்டன்னர் போட்டார். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கி, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன எவனும் அதற்குக் கைதட்டாமல் இருக்க மாட்டான். அதுவும் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே செப்டெம்பரில் வர்ணனையாளர் ஜிம் ரொஸ்ஸுக்கும் போட்டார். மார்கழியில் நத்தார் தாத்தா வேடத்தில் வந்தவருக்கும் போட்டார். இவர்கள் முதலாளிகளா? அரங்கம் கேட்கவில்லை, அதே சத்தத்தோடு கத்தியது. ஒருவன் அடிபட்டவன் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், பிறகு அவன் யாரை அடித்தாலும் திருப்பி அடிக்கிறான் என்றே எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. முரடனுக்கு ரசிகர் சேர்வது இப்படித்தான். அவர்கள் கண்ணுக்கு அவன் முரடனாகவே தெரிவதில்லை.

றொக்கின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1996 இல் சிரித்த முகத்தோடு, ஒழுங்கான பிள்ளையாக வந்தார். "செத்துப்போ றொக்கி" என்று அரங்கம் கத்தியது. நல்ல பிள்ளை வேண்டாமாம். வாய்க்கொழுப்போடு திரும்பி வந்தபோது ரசித்தார்கள். 1999 ஜனவரியில் மிக் ஃபோலியின் கைகளை விலங்கிட்டு வைத்து, தலையில் கதிரையால் திரும்பத் திரும்ப அடித்தார். ஃபோலியின் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்து பார்த்தார்கள். அப்போது றொக் கெட்டவர். அந்த வருடம் முடியமுன் அவர் சனத்தின் செல்லப்பிள்ளை. இடையில் திருந்தினாரா? இல்லை. ஒருவரின் பெயரைக் கேட்பதும், பதில் வரமுன் வாயை அடைப்பதும், எல்லாம் அப்படியேதான். எதிரில் நின்ற ஆள்தான் மாறினார்.

இப்போது எங்களுக்கு வருகிறேன். வன்னிச் சனம் அடிபட்ட சனம். அதை நான் விளக்கத் தேவையில்லை, இந்தக் கழகத்தில் முகாமில் இருக்காத குடும்பம் எத்தனை? அடிபட்டோம் என்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, எங்களால் ஒருவனுக்கு அடி விழும் என்பதையே நம்ப மறுக்கிறோம். அன்று மைதானத்தில் சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தாய்க்கு அரிசி கொடுத்து உதவியவர்கள். மைக் பிடித்தவன் எங்கள் பொடியன், வேடம் கட்டினவன் எங்கள் கரப்பந்து வீரன், எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தோசம், இதில் என்ன என்றுதான் நினைத்தார்கள். நடுவில் நின்றவனும் எங்கள் பொடியன்தான் என்பது அந்த நேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றையும் கழகத்தில் றெஸ்லிங் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டன்னர் என்பது போடுகிறவனின் வித்தை இல்லை, வாங்குகிறவனின் வித்தை. எப்போது முழங்காலை மடக்குவது, நாடியை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் துள்ளி விழுவது என்று பழகியவன்தான் அதை வாங்க முடியும். இரண்டு பேரும் சம்மதித்துச் செய்வது அது. அப்படிச் சம்மதித்துப் பழகியவர்களுக்கே பிழைக்கும். 1997 ஆகஸ்டில் ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்து இறக்கியபோது இதே ஒஸ்டினின் கழுத்து அடிபட்டு, அவரால் சிறிது நேரம் கைகாலை அசைக்க முடியவில்லை. 2003 இல் களத்தை விட்டு ஒதுங்கியதற்கு அந்தக் கழுத்தும் ஒரு காரணம். நீங்கள் செய்தது சமமில்லாத புழுதித் தரையில், சம்மதம் கேட்கப்படாத ஒரு பிள்ளையை வைத்து. உதட்டோடு போனது உங்கள் கெட்டித்தனத்தால் இல்லை, அவனுடைய தாய் வைத்த நேர்த்தியால்.

மைக் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இந்தப் பக்கத்தில் மைக் கையில் கிடைத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய். எந்த விழாவென்றாலும் பிரதம விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வருவார், வெயிலில் காயும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் தன் அபிவிருத்திகளைப் பட்டியல் போடுவார். நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். அலுவலகத்துக்குப் போனால் "நாளைக்கு வாங்கோ" என்பவரை ஐயா என்போம், அவர் யாரையாவது ஏசினால் "ஆள் நல்ல ஸ்ரிக்ட்" என்று மெச்சுவோம். கோயில் திருவிழாவில் பெட்டி கட்டி விடியவிடிய அலற விடுபவர்தான் ஊரில் பெரிய மனிதர். வெற்றிக் கிண்ணங்கள் வருடாவருடம் உயரமாகின்றன. மைதானத்தில் பெண்பிள்ளைகள் ஒதுங்க ஒரு மலசலகூடம் இன்னும் இல்லை, ஆனால் மைக் மட்டும் கம்பியில்லாத புது மைக். றெஸ்லிங்கை ரீவியில் பார்த்துத்தான் நாங்கள் பழுதாகினோம் என்று யார் சொன்னது? ரீவி வரமுன்பே எங்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

மன்னிக்க வேண்டும், விடயத்தை விட்டுத் தூரம் போய்விட்டேன். மலசலகூடத்துக்கு வேறு கடிதம் எழுதுவேன்.

அந்த அமெரிக்கக் கம்பனியை நான் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. வாராவாரம் ஆளை அவமானப்படுத்திக் காட்டியே பிழைத்தவர்கள் அவர்கள். இருந்தும் 2011 இல், பிள்ளைகள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்தக் கூடாது என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்கள். உள்ளே எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்பது வேறு கதை. வெளியே காட்டவாவது அவர்களுக்கு ஒன்று தேவைப்பட்டது. எங்கள் கழகத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை. "இனிச் செய்யமாட்டம்" என்ற ஒரு வரியைக்கூட வட்ஸ்அப் குழுவில் போடவில்லை. வீடியோவை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

செயலாளர் தம்பி, "அவனிட்டைப் போய்த் தனியச் சொல்லுறம் அண்ணை" என்று நீங்கள் பிறகு சொல்லியனுப்பினீர்கள். உங்கள் மனது எனக்கு விளங்குகிறது. ஆனால் அவமானப்படுத்தியது தனிய இல்லையே. வேலிக்குள் போய் மெல்லச் சொல்லிவிட்டு வந்தால், பால் வரிசையில் கத்துகிற பொடியளுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் அந்த வசனத்தைப் பழகியது உங்கள் மைக்கில். அதே மைக்கில்தான் அதை நிறுத்தவும் முடியும். வேடம் கட்டிய வீரனும் பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. ஊரில் சின்னப் பொடியளுக்கு ஒஸ்டினையும் றொக்கையும் விட அவன்தான் பெரிய ஹீரோ, அவன் சொன்னால் கேட்பார்கள்.

ஆகவே தயவுடன் கேட்கிறேன். இறுதிப் போட்டியன்று பரிசளிப்புக்கு முன், சனம் கலையமுன், அவனுடைய பெயரைத் தெளிவாகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவனை நடுவுக்குக் கூப்பிட வேண்டாம், அவன் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே கேட்குமளவுக்கு உங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சத்தம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். வீடியோவை வைத்திருப்பவர்கள் அழிக்க வேண்டும் என்றும் அப்போதே சொல்லுங்கள். அடுத்த வருட நிகழ்ச்சி நிரலில் இந்த 'றெஸ்லிங்' இருக்கக் கூடாது. சனத்துக்குச் சிரிக்க ஏதாவது வேண்டுமென்றால் வழுக்குமரம் இருக்கிறது, நிர்வாக சபையே ஏறலாம்.

இந்த மடலில் அவன் பெயரை நான் எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கழகத்தின் பழைய அங்கத்தவன்

பி.கு.: இந்த வருடச் சந்தாவைத் தை மாதமே பொருளாளரிடம் கட்டிவிட்டேன். பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை.